சென்னியப்பன் மளிகைக்குப் போன நாள்

சௌந்திரம்: ...அதுக்கு ஏனுங்க இந்தக் கரை வேட்டி? செவ்வாய்ப்பேட்டைல மளிகைச் சாமான் வாங்கத்தான போறீங்க?

சென்னியப்பன்: பெரிய பெரிய கடை அம்மிணி. லுங்கியோட போனா மதிப்பானுங்களா?

சௌந்திரம்: முப்பது வருஷமா லுங்கியோடதான போயிட்டு வந்தீங்க...

சென்னியப்பன்: அப்ப கரண்டு தயாரிக்கற தெர்மல்ல வேலை. இப்ப ரிட்டயர்டு ஆளு. ஒரு மரியாதை வேணுமல்ல.

சௌந்திரம்: காலைல தயிரும் வேண்டாம்னுட்டீங்க.

சென்னியப்பன்: தொண்டை கரகரங்குது.

சௌந்திரம்: மொளகும் பனங்கல்கண்டும் வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்கறீங்க. மளிகைக்காரன்கிட்ட லிஸ்ட்டைப் பாடியா காட்டப் போறீங்க?

சென்னியப்பன்: என்ன நீ... காலங்காத்தால போலீஸாட்டம்! கம்முனு ரோட்டப் பாரு. காரு ஜலகண்டாபுரம் தாண்டியாச்சு. உன்னைக் காலேஜ் கேட்டுல எறக்கி உட்டுட்டு நான் போயிருவேன்.

சௌந்திரம்: காலேஜ் இல்லீங்க, யூனிவர்சிட்டி. நான் மியூசிக் டிபார்ட்மெண்டுக்கு ஹெட்டாகியே பதிமூணு வருஷம் ஆச்சு. உங்க வாயில இன்னும் வரமாட்டேங்குது.

சென்னியப்பன்: மொதல்ல எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான தெரியும். சைக்கிள் ஸ்டேண்டு ஓரத்துல ஒரு ரூம்பு. நாலு புள்ளைங்க. அதை யூனிவர்சிட்டின்னு எவன் சொல்லுவான்?

சௌந்திரம்: மூணுங்க. நாலாவது புள்ளை சைக்கிள் எடுக்க வந்தவ. பாட்டக் கேட்டு நின்னா... கையப் புடிச்சு உள்ள உக்கார வெச்சுட்டேன்.

சென்னியப்பன்: ஹா ஹா... அந்த ரஞ்சனிதான இப்ப உங்கிட்டயே வாத்தியாரம்மா?

சௌந்திரம்: அவளேதான். அவ ஊடு ஜலகண்டாபுரந்தான். இப்பத்தான தாண்டுனோம்?

சென்னியப்பன்: அப்படியா? எனக்கென்ன தெரியும்... லாரிக்காரன் எப்படி ஓட்டறான் பாரு!

சௌந்திரம்: லாரி அந்தப்பக்கம் போயிருச்சுங்க. அது சரி... எட்டு மாசமா சனிக்கெழமையானா டேமுக்கு மீன் புடிக்கப் போறீங்க. ஒரு கெண்டைக் குஞ்சு கூட ஊட்டுக்கு வந்து சேரலையே?

சென்னியப்பன்: மீன் கடிக்கோணுமல்ல?

சௌந்திரம்: அதுவுஞ் சரிதான்.

சென்னியப்பன்: உன் கதைக்கு வா. இன்னும் இருவது நாள்ல நீயும் ரிட்டயர்டு. விழாவுல என்ன பேசப் போற?

சௌந்திரம்: எழுதிக்கிட்டிருக்கேன். உங்களப் பத்தி என்ன சொல்லட்டும்?

சென்னியப்பன்: என்னைய ஏன் இழுக்கற? சவரியார் சாரைச் சொல்லு. சர்ச்சு ஆர்மோனியத்துல உனக்கு மொதமொத ச ரி க ம சொல்லிக் குடுத்தவரு.

சௌந்திரம்: அவரைச் சொல்லாமயா? பொட்டப்புள்ளை பாட்டுப் படிச்சா எவன் கட்டுவான்னு எங்கப்பன் குதிச்சப்ப, ஊடு தேடி வந்து பேசுனவரு அவருதான்.

சென்னியப்பன்: நான் கட்டுனேன்ல.

சௌந்திரம்: கட்டுனீங்க. ஆர்மோனியத்தையும் டிவிஎஸ் பிப்டியில கட்டிக்கிட்டு ஊரூராக் கூட்டிட்டுப் போனீங்க. புள்ளைங்களப் பாட்டுக்கு அனுப்புங்கன்னு நான் ஊட்டுக்கு ஊடு கெஞ்சறப்ப, நீங்க வாசல்ல நின்னு பஞ்சாயத்து பண்ணுவீங்க.

சென்னியப்பன்: திருச்செங்கோட்டுக்கிட்ட ஒருத்தர் கேட்டாரே... ‘பாட்டுப் படிச்சா எந்த ஆபீஸ்ல உக்கார வெப்பாங்க?’ன்னு.

சௌந்திரம்: ‘என்ர ஊட்டுக்காரி உக்காந்திருக்கற ஆபீஸ்ல’ன்னீங்க. அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு பொண்ணுங்களையும் அனுப்பிட்டாரு!

சென்னியப்பன்: நல்லாப் பாடுச்சுங்க ரெண்டும்.

சௌந்திரம்: எல்லாம் செஞ்சீங்க. ஆனா நீங்க ஒரு வரி பாடி நான் கேட்டதில்ல.

சென்னியப்பன்: நமக்கு வராது அம்மிணி.

சௌந்திரம்: வராதுன்னு யாரு சொன்னது? நான்தான சொன்னேன்.

சென்னியப்பன்: அட, அது எப்பவோ...

சௌந்திரம்: நம்ம பொண்ணு யுவஸ்ரீ தொட்டில்ல கெடந்தா. நீங்க ஆட்டிக்கிட்டே தாலாட்டுப் பாடுனீங்க. எனக்கு மறுநாள் இன்டர்வியூ. ‘சுருதியே சேரல, நிறுத்துங்க’ன்னு கத்திட்டேன்.

சென்னியப்பன்: சேரலதான?

சௌந்திரம்: சேரலதான்... ஆனா புள்ளை தூங்கிருச்சே. நீங்க அன்னைக்கு மூடுன வாய்தான். எத்தனையோ புள்ளைங்ககிட்ட ‘பாட்டு வராத ஆளே கெடையாது’ன்னு சொன்னவ, சொந்த ஊட்டுல ஒருத்தரைப் பாட உடாமப் பண்ணிட்டேன். விழாவுல அதைத்தாங்க சொல்லப் போறேன்.

சென்னியப்பன்: அய்யோ, வேண்டாஞ் சாமி! ஊரே சிரிக்கும்.

சௌந்திரம்: சிரிக்கட்டும். தப்பு தப்புதான... ஏனுங்க, கண்ணத் தொடைக்கறீங்க?

சென்னியப்பன்: தூசி.

சௌந்திரம்: கண்ணாடி ஏத்துன கார்லயா?

சென்னியப்பன்: கேட்டு வந்துருச்சு. எறங்கு, எறங்கு. எனக்கு நேரமாச்சு.

சௌந்திரம்: சித்த இருங்க. யாரோ ஓடி வாராங்க பாருங்க...

ரஞ்சனி: சார்! எங்க போயிட்டீங்க? உங்களுக்கு முன்னால ஒருத்தர்தான் இருக்காங்க! ஹால் டிக்கெட்டை எடுத்து... அய்யோ மேடம்! நீங்களும் இந்தக் கார்லதானா?

சென்னியப்பன்: இந்தம்மா யாரு, நமக்குத் தெரியலையே...

சௌந்திரம்: மளிகைக் கடையில ஹால் டிக்கெட் கேக்கறாங்களாங்க?

ரஞ்சனி: சார், சொல்லிருங்க.

சென்னியப்பன்: ...வாய்ப்பாட்டு சர்டிபிகேட் கோர்ஸு, அம்மிணி. ரஞ்சனி ஊட்டுலதான் சாதகம். மீனும் இல்ல, கீனும் இல்ல. நீ வேலையில இருக்கறப்பவே, நீ உண்டாக்குன எடத்துல ஒருக்காப் பாடிரோணும்னு ஒரு ஆசை. பாஸானா சொல்லலாம்னு இருந்தேன்.

சௌந்திரம்: பெயிலானா?

சென்னியப்பன்: மளிகை வாங்கிட்டு வந்திருப்பேன்.

ரஞ்சனி: ஹய்யோ சார்...!

சென்னியப்பன்: சிரிக்காதம்மா. உள்ள உங்க மேடந்தான மார்க்குப் போடுவாங்க?

ரஞ்சனி: இல்லீங்க சார். மேடம் இந்தத் தடவை பரீட்சைக் குழுவுல பேரே குடுக்கல. நானும் இல்ல. வெளியூர்ல இருந்து ரெண்டு பேரு வந்திருக்காங்க. மொதல்ல சரளி வரிசை, அப்புறம் கீதம். அவ்வளவுதான்.

சென்னியப்பன்: பேரே குடுக்கலையா? ஏன்?... சரி, அது கெடக்கட்டும். உங்கம்மா வந்திருந்தாத் தேவலாம் ரஞ்சனி.

ரஞ்சனி: அம்மா... வந்து...

சென்னியப்பன்: உனக்குத் தெரியாது அம்மிணி. இவிய அம்மாதான் உள்ரூம்புல உக்காந்து எனக்குத் தம்புரா போடுவாங்க. முழங்கால் வலி, வெளிய வரமாட்டாங்க. ஆனா அந்தச் சுருதி இருக்குதே... நான் வழி தப்பிப் போனா கையப் புடிச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டு வாராப்பல இருக்கும். ஒரே வரியை நாப்பது தடவை தப்பாப் பாடுவேன். ஒரு நாளும் சலிச்சுக்கல அந்த மகராசி. ரெண்டு கூடை மாம்பழம் குடுத்தனுப்புனேன், அவ்வளவுதான். நேர்ல பார்த்தா கால்ல உழுந்து கும்பிடுவேன்.

ரஞ்சனி: மேடம், இனிமே என்னால முடியாது. நீங்களே சொல்லிருங்க.

சென்னியப்பன்: என்னத்தச் சொல்லோணும்?

சௌந்திரம்: இவ அம்மா நாலு வருஷமா பெங்களூர்ல மகன் ஊட்டுல இருக்கறாங்க. நீங்க சேர்ந்த அன்னைக்கே ரஞ்சனி எனக்கு போன் பண்ணிட்டா. சனிக்கெழமை ஸ்பெஷல் கிளாஸுன்னு நான் பஸ் ஏறுனதெல்லாம் அங்கதானுங்க... உங்களுக்கு முன்னால போயி கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துக்குவேன். நான்னு தெரிஞ்சா நீங்க பாடமாட்டீங்களேன்னு. மாம்பழமும் நான்தான் தின்னேன். கால்ல உழறதைப் பொறகு ஊட்டுல வெச்சுக்கலாம், எறங்குங்க... உங்களைத்தான் கூப்பிடறாங்க!