கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஒரு டர்போ கார்

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். வரிசையில் எனக்கு முன்னால் சிவப்பு நிற டர்போ கார், அதில் ஒரு கணவனும் மனைவியும். பின்னால் நான், பெட்ரோல் தீர்ந்த மொபெட்டை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தவன்.

"ஒரு மாசமா கரும்பு டிராக்டர் பின்னாடியேதான் ஆபீசுக்குப் போய்க்கினு இருக்கேன். எனக்கு மாலையே போடணும்" என்றார் கணவர்.

"மாலை அப்புறம். லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் வரலன்னா வண்டிய வித்துடறேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதுக்குத்தான ஒருத்தரையும் ஓவர்டேக் பண்ணல! நேத்து மொபெட்ல போன பால்காரரு என்னைத் தாண்டினாரு. தாண்டிட்டுத் திரும்பிப் பாத்து சிரிக்கிறாருடி!"

"சிரிச்சா இன்னா? நீங்க அமுக்குனாதான டர்போ ஜாஸ்தி குடிக்குது?"

டேங்க் நிரம்பியது. ஓடிய தூரத்தை, போட்ட லிட்டரால் அந்த அம்மா செல்போனில் வகுத்தார். கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"பதிமூணுங்க!"

"மெய்யாலுமா? போன மாசம் ஒம்பதுதான!"

"வண்டி தப்பிச்சிடுச்சி."

கணவரின் குரல் சட்டென்று இறங்கியது. "கரும்பு சீசன் முடிஞ்சி சர்க்கரை ஆலைய மூடிட்டா டிராக்டர் வராதே. ரோடு காலியா இருந்தா என் காலு சும்மா இருக்காதும்மா."

"நானும் அந்த ரோட்லதான வேலைக்குப் போறேன்? என் ஸ்கூட்டி பின்னாடியே வாங்க. ஹாரன் மட்டும் அடிச்சீங்கன்னா, அன்னிக்கே வித்துடுவேன்."

கார் கிளம்பியது. நானும் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சிறிது தூரத்தில் ஒரு கரும்பு டிராக்டர், அதன் பின்னால் அந்தச் சிவப்புக் கார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு காரைத் தாண்டினேன். திரும்பிப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கத்தான் மிகவும் சிரமப்பட்டேன்.