செவலை குடித்த கஞ்சி

— இந்தா டீச்சரே, உன் தூக்கு. கழுவிட்டேன். செவுத்து மேல வைக்கிறேன், எடுத்துக்கோ. நாளைலருந்து கஞ்சி வேணாம்.

— ஏன் கிளியக்கா? உடம்புக்கு ஏதாவது...

— உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது. சுகரு கூட எறங்கிகீதாம். வேணாம்னா வேணாம்.

— இன்னைக்குக் காலையில கூட வாங்கிக்கிட்டீங்களே. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?

— பேசுன. எங்கிட்ட இல்ல.

— யார்கிட்ட?

— தெருகிட்ட. ஒட்டுமொத்த தெருகிட்ட.

— எனக்குப் புரியல அக்கா.

— "சகோதரிகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஜெயசீலி பேசுறேன்." இப்பப் புரியுதா? கொரலு சரியா வருதா பாரு. உன்ன மாதிரி இழுத்து இழுத்துப் பேச எனக்கு வராது.

— அய்யோ.

— இரு, இன்னும் கீது. "என்னால நேசிக்கவே முடியாத அந்த அம்மாவுக்கு இன்னைக்கும் கஞ்சி கொடுத்தேன்."

— அக்கா, அது எங்க சபைப் பெண்கள் குரூப்புக்கு அனுப்பினது.

— வந்தது தண்ணி லாரி குரூப்புக்கு. காலைல உன் தூக்க வாங்கிக்கினு உள்ள போறேன், மேல்வீட்டு ஸ்ரீரங்கன் சாரு போனத் தூக்கிக்கினு எறங்கி வர்றாரு. லாரி வருதான்னு கேட்டேன். லாரி வரல கிளியம்மா, ஆனா உங்களப் பத்தி ஒண்ணு வந்திருக்குன்றாரு.

— நான் உடனே அழிச்சுட்டேனே அக்கா. நேத்து சாயந்திரம் அனுப்பின கையோட பார்த்துட்டேன். இதோ பாருங்க, என் போன்ல அது இல்லவே இல்ல.

— உன் போன்ல இல்ல. மத்தவங்க போன்ல அத்தினிலயும் கீது. சாரு சொன்னாரு, அழிக்கிறதுல ரெண்டு வெதம் கீதாம். எல்லாருக்கும் அழிக்கிறது ஒண்ணு, தனக்கு மட்டும் அழிச்சிக்கிறது ஒண்ணு. நீ உனக்கு மட்டும் அழிச்சிக்கினு நிம்மதியாத் தூங்கிட்ட.

— கொஞ்ச நேரம் சும்மா இருங்க அக்கா.

— இருக்கறேன்.

— ...

— ...

— ...

— போதுமா? வெயிலு ஏறுது.

— எல்லாரும் கேட்டிருப்பாங்களா?

— கேட்டதோட வுட்டாங்களா? கடைக்கார துளசிங்கம் கை தட்டுற பொம்மை போட்டுகிறான். பின்னாடித் தெரு அபிதகுஜாம்பாள் கும்புடு போட்டுகிறா. யாரோ ஒருத்தன், கஞ்சி எல்லா வூட்டுக்கும் உண்டா, பாத்திரம் நாங்க கொண்டாரணுமான்னு கேட்டுகிறான்.

— நான் உங்க பேரைச் சொல்லல. பேர் சொல்லக் கூடாதுங்கறது எங்க சபை ஆயரம்மா போட்ட விதி.

— பேரு எதுக்கு? "பக்கத்து வீட்டு மாட்டுக்கார அம்மா"ன்னு சொல்லிக்கிற. இந்தத் தெருவுல மத்ததெல்லாம் ஃபிளாட்டு. ஃபிளாட்டுல எவன் மாடு வச்சிகிறான்?

— மன்னிச்சிருங்க அக்கா.

— அத அப்பறம் பாக்கலாம். மொதல்ல வெவரத்த சொல்லு. உங்க ஆயரம்மா இன்னா சொன்னாங்க? புடிக்காதவங்களாப் பாத்துக் கஞ்சி ஊத்துன்னா?

— அப்படி இல்ல. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள்ல எதையாவது விடுவோம். கறி, பூ, டிவி சீரியல், இப்படி. இந்த வருஷம் எதையும் விட வேணாம், ஒரு ஆளை எடுத்துக்கோங்கன்னாங்க. யாரை நேசிக்கக் கஷ்டமா இருக்கோ அவங்களை. ஈஸ்டர் வரைக்கும் தினமும் அவங்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்யணும், மனசு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. மனசு வரட்டும்னு காத்திருந்தா அது வராது, கை முன்னாடி போனா மனசு பின்னாடி வரும்னாங்க.

— ஓகோ. சஷ்டி விரதம் மாதிரி கிளியம்மா விரதம்.

— அக்கா.

— நான் இன்னா இன்னாவோ நெனச்சிக்கினு கெடந்தேன். திடீர்னு என் வாசலப் பெருக்குற. செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னே தொளசிக்குத் தண்ணி ஊத்துற. அப்பறம் கஞ்சி. சரி, பின்பக்கத்து எடத்த வெலைக்குக் கேக்கப் போறான்னு நெனச்சேன். அபிதகுஜாம்பாள் இன்னா சொன்னா தெரியுமா? மதம் மாத்தப் போறா, உஷாரா இருன்னா. போடி, மதம் மாத்துறவ ஓட்ஸா குடுப்பா, பிரியாணி இல்ல குடுப்பான்னேன்.

— ...

— சிரிச்சிட்ட பாத்தியா. சரி சொல்லு, வந்துச்சா?

— எது?

— மனசு. பின்னாடி வரும்னாங்களே.

— சில நாள் வந்துச்சு. நேத்து வந்துச்சு. முந்தாநாள் வரல.

— முந்தாநாளு நான் இன்னா பண்ணேன்?

— கொரியர்காரன்கிட்ட வெள்ளத்தைப் பத்திச் சொன்னீங்க.

— இன்னா சொன்னேன்?

— "இந்த டீச்சரு வூட்டுக்காரங்க வெள்ளத்துல எங்க மாடிலதான் கெடந்தாங்க, எங்கையால ரசம் சோறு துன்னாங்க"ன்னு.

— மெய்யா பொய்யா?

— மெய்தான். அன்னைக்கு நீங்க கதவைத் திறக்கலைன்னா நாங்க இல்ல. அதை நான் என்னைக்கும் மறக்க மாட்டேன். ஆனா பத்து வருஷமாச் சொல்றீங்க அக்கா. சிலிண்டர் கொண்டு வர்றவர்கிட்ட, ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட, எல்லார்கிட்டயும். எங்க ஜாய்சனுக்கு இரும்புலியூர்லருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்களே, அவங்க கார்லருந்து இறங்கி செருப்புக் கழட்டுறதுக்குள்ள செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னீங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் ஐசக் சாப்பிடவே இல்ல.

— நல்லது பண்ணத சொல்லக் கூடாதா?

— சொல்லலாம். ஆனா சொல்லிக்கிட்டே இருந்தா வாங்கினவங்களுக்குத் தொண்டையிலயே நிக்குது. அந்த ரசம் எனக்கு இன்னும் இறங்கலக்கா. அதனாலதான் உங்களை எடுத்துக்கிட்டேன். மாடு என் குரோட்டன்ஸைத் தின்னதுக்காக இல்ல.

— இரு. நீ மட்டும்தான் கம்முனு இருப்பியா? நானும் கொஞ்சம் இருந்து பாக்கறேன்.

— ...

— ...

— அக்கா, வெயில் ஏறுது.

— ஏறட்டும். டீச்சரே, அந்த மூணு நாளு என் வூட்டுல எத்தினி ஜனம். உன் வூட்டுக்காரரு மாடிப்படில உக்காந்து ஜெபம் பண்றாரு, ஸ்ரீரங்கன் சாரு ரேடியோவத் திருகிக்கினு கீறாரு, ஜாய்சன் அத்தாம்பெரிய பையன், எம் மடில தலய வச்சித் தூங்குறான். எம் பொண்ணு தமிழினி பஸ்ஸு இல்லாம இங்கயே மாட்டிக்கினா. தண்ணி வடிஞ்சிது, அல்லாரும் போய்ட்டீங்க. அதுக்கப்பறம் வூடு அந்த மாதிரி நெறயவே இல்ல. அத சொல்றப்ப நெறஞ்ச மாதிரி கீது. அவ்ளோதான்.

— எனக்கு அது தோணவே இல்லக்கா.

— உனக்கு எப்டித் தோணும்? நான் சொன்னது ரசத்தப் பத்தி. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் செவுத்துகிட்ட நின்னு சொன்னேன், நீ போன்ல சொன்ன. ரெண்டு பேருக்கும் வாயி ஒண்ணுதான்.

— ஆமா.

— ஆமான்னு சட்டுனு ஒத்துக்கினா எப்டி? சண்ட போடலாம்னு வந்தவள பேஜார் பண்றியே.

— நீங்க சொல்றது சரிதானே. தினமும் குரூப்ல சொல்லணும்னு ஆயரம்மா கேக்கல. நானாத்தான் ஆரம்பிச்சேன். முதல்ல மத்தவங்களுக்கு உற்சாகமா இருக்கட்டும்னு. அப்புறம், குரூப்ல இருக்கற ஹெப்சியும் எப்சியும் ஆமென் போட்டாங்களான்னு பார்க்கறதுக்காக.

— போட்டாங்களா?

— போட்டாங்க.

— அதுல இன்னொண்ணு சொன்னியே. "கர்த்தர் அந்த அம்மா மனசை மாத்தினார். மாட்டைக் கட்டிப் போட ஆரம்பிச்சுட்டாங்க. என் குரோட்டன்ஸ் துளிர் விட்டிருக்கு."

— அது கர்த்தருக்குச் சொல்ற சாட்சி அக்கா.

— யாரு சாட்சி? செவலையா?

— சிரிக்காதீங்க. செவலை என் கேட் பக்கம் வர்றதே இல்லையே இப்போ. லெந்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு. நான் ஜெபிக்கறதுக்கு முன்னாடியே கர்த்தர் கேட்டுட்டார்னு சொன்னேன்.

— அப்டியா. சரி, அப்டியே வச்சிக்கோ. உன் கஞ்சி எங்க போச்சு, அது தெரியுமா உனக்கு?

— எங்க போச்சு?

— செவலைக்கு.

— ஒரு நாளா ரெண்டு நாளா?

— தெனம். நீ செவுத்து மேல தூக்க வச்சிட்டு, ஸ்தோத்திரம் அக்கான்னுட்டு திரும்பிப் பாக்காமப் பூடுவ. நான் நேரா மாட்டுக் கொட்டாய்க்குப் பூடுவேன். இன்னா கஞ்சி அது? உப்பு இல்ல, ஒரப்பு இல்ல, ஆஸ்பத்திரில குடுக்கற மாதிரி. மொதல்ல செவலை மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்பறம் பழகிடுச்சு. இப்ப விடிஞ்சா செவுத்தப் பாத்துக்கினு நிக்கிது.

— உங்களுக்கு சுகர்னு சொன்னீங்கன்னுதான் உப்பு இல்லாமப் பண்ணினேன்.

— சுகருக்கு உப்பு இன்னா பண்ணுச்சு? எனக்கு சுகரு டீச்சரே, பிரஷரு இல்ல.

— ...

— சிரிக்கறியா, அழுவறியா?

— தெரியல. எல்லாமே தப்பாப் பண்ணியிருக்கேன். நீங்க தூக்கைத் திருப்பிக் கொடுத்தது சரிதான். இனிமே விதிக்காக வர மாட்டேன் அக்கா. உண்மையா மனசு வர்ற அன்னைக்கு வர்றேன்.

— இதான் நீ பேசுனதுலயே மோசமான பேச்சு.

— ஏன்?

— எம் பொண்ணுக்கு எம் மேல உசுரு. மெய்யாலுமே உசுரு. இங்க கீது நாவலூரு. தெனம் போன் பண்ணி லவ் யூ மான்னு சொல்றா. அவ கடைசியா எப்ப வந்தான்னு எனக்கே நெனப்பில்ல. மனசு அவ்ளோ கீது, ஆளு வரல. நீ என்னியப் புடிக்காமலே வந்து நின்ன. காச்சல்னு தலைல துணியக் கட்டிக்கினு ஒரு நாளு வந்த, மூக்கு ஒழுவுது, தூக்கு மட்டும் நேரா நிக்கிது. மனசு வந்தா வர்றவங்கள நான் நெறையப் பாத்துட்டேன். மனசு வராதப்பவும் வந்தது நீ ஒருத்திதான்.

— அப்படின்னா தூக்கை ஏன் திருப்பிக் கொடுத்தீங்க?

— அந்த போன்லயே சொன்னியே. "ஞாயித்துக்கிழமையோட முடியுது சகோதரிகளே, அதுவரைக்கும் கர்த்தர் எனக்குப் பெலன் தரணும்"னு. நீ நிறுத்தறதுக்குள்ள நானே நிறுத்திட்டா, அது கொஞ்சம் மருவாதையா இருக்குமேன்னு பாத்தேன்.

— அந்தத் தூக்கை இப்படி நகர்த்துங்க.

— எதுக்கு?

— நாளைக்குப் பெரிய வெள்ளி. பகல் முழுக்கக் கோயில்ல இருப்பேன். அதனால விடியறதுக்கு முன்னாடியே கொண்டு வந்துடுவேன்.

— ஞாயித்துக்கிழமை?

— ஆராதனை முடிஞ்சு பிரியாணியோட வர்றேன். மதம் மாத்த.

— வா வா. திங்கக்கிழமை?

— திங்கக்கிழமை எனக்கு சுத்தமா மனசு வராது. நல்லாத் தூங்கணும்னு இருக்கும். அதனால கண்டிப்பா வருவேன்.

— குரூப்புல சொல்லுவியா?

— மாட்டேன். நீங்க கொரியர்காரன்கிட்ட?

— பழகின வாயி டீச்சரே, ஒரேயடியா நிக்காது. வாரத்துக்கு ஒரு தபான்னு ஆரம்பிக்கறேன். உங்க ஆயரம்மாகிட்ட சொல்லி அதுக்கும் ஒரு விரதம் போடு.

— சொல்றேன்.

— இன்னொண்ணு. செவுத்து மேல வைக்காத. எத்தினி நாளா குடுக்கற, ஒரு தபா அந்தக் கேட்டத் தொறந்து உள்ள வந்தியா? நாளைக்கு நேரா பின்னாடி கொட்டாய்க்கு வந்து உங்கையாலயே குடு.

— கொட்டாய்க்கா? செவலை முட்டுமே அக்கா. எனக்கு அதைப் பார்த்தாலே பயம்.

— முட்டாது. அத மாட்டுப் பொங்கலுக்கு முன்னாடியே, நீ மொதக் கஞ்சி கொணாறதுக்கும் முன்னாடியே வித்துட்டேன் டீச்சரே. கஞ்சில மட்டும் கொஞ்சம் உப்பு போட்டுக் கொணா.