சும்மாவுக்கு ஒரு சிவப்பு வட்டம்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மழலையர் பள்ளித் தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே! அவருக்கு இடமும் வலமும் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையில் மூட்டுவலியோடும் முகமலர்ச்சியோடும் வந்தமர்ந்த பெரியோர்களே! மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலிக்கு அடியில் புகுந்து என் பேச்சைவிடப் பெரிய வேலையில் மூழ்கியிருக்கும் செல்வங்களே! அனைவருக்கும் இந்தக் குழாய் ரிப்பேர்காரனின் கனிந்த வணக்கம்!

பெற்றோர் சார்பில் நன்றி சொல்ல என் அக்காவை அழைத்தீர்கள். அவளோ, "மேடை ஏறினா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீ போய் நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடு. வம்பு இழுத்துட்டு வராதடா" என்று என்னை அனுப்பிவிட்டாள். அக்கா, மன்னித்துவிடு! என்னிடம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை.

சும்மா!

சிரிக்காதீர்கள். என் அக்கா மகளுக்கு இரண்டரை வயது. உங்கள் சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி: "வீட்டில் குழந்தைக்கு அளிக்கப்படும் கற்றல் பயிற்சிகள் யாவை?" அக்கா உள்ளதை உள்ளபடி எழுதினாள்: "சும்மா விளையாடுவாள்." அந்தச் சும்மாவைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்! பக்கத்தில், "பயிற்சி இல்லை. உடனே தொடங்கவும்."

இல்லையா? பயிற்சி இல்லையா? அந்தச் சும்மாவுக்குள் எட்டிப் பார்த்தவர் யார்? அடுப்படித் தரையில் ஐந்து பாத்திரம், ஐந்து மூடி. பெரிய மூடியைச் சின்னக் கிண்ணத்தில் வைப்பாள், சரியும். சின்ன மூடியைப் பெரிய பாத்திரத்தில் வைப்பாள், உள்ளே விழும். முறைப்பாள். மறுபடி எடுப்பாள். பொருந்திய நொடியில் வீடே அதிரச் சிரிப்பாள்! அளவு என்றால் என்னவென்று எந்த அட்டை அவளுக்குச் சொன்னது? துவைத்த துணிக் குவியலில் அப்பாவின் காலுறைக்கு ஜோடி தேடித் தருவாளே, அது பாடம் இல்லையா?

நான் வேலை முடித்து வந்தால் என் பைக்குள் கை விடுவாள். குழாயைத் திருப்பிவிட நாங்கள் மாட்டும் வளைவுத் துண்டு, எல்போ, அதுதான் வேண்டும். ஆனால் அவள் வாயில் எல்போ வராது. "மாமா, எப்போ!" என்பாள். "இப்போ!" என்று கொடுப்பேன். ஒன்றோடு ஒன்றை மாட்டி, அரை மணி நேரம் அசைய மாட்டாள்.

என்ன சார், வாயில் போட்டுக்கொண்டால் என்கிறீர்களா? நியாயமான கேள்வி. அவள் வாயைவிடப் பெரிய துண்டு, அதுவும் புதுசு. பக்கத்திலேயே நானும் உட்கார்ந்திருப்பேன்.

வட்டம் விழுந்த அன்றே பாத்திர அலமாரிக்குப் பூட்டு விழுந்தது. ஐம்பது பட அட்டைகள் வந்தன. காட்டினால் சொல்ல வேண்டும், சொன்னால் கைதட்டல். நடுவில் கை வேறெங்காவது நீண்டால், "சும்மா இரு!" அதே வார்த்தை, தாய்மார்களே, அதே வார்த்தை! ஆடித் திரிந்த வார்த்தையை அடக்கி உட்கார வைத்துவிட்டோமே! அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அவள் பயந்தாள். பயமுறுத்தியது யார்?

போன வாரம் எல்போவை நீட்டினேன். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் மாமா. நான் சும்மா இருக்கேன்."

சொல்லுங்கள் ஐயா! இரண்டரை வயதுக் கைகள் கட்டிக்கொள்ளவா பிறந்தன?

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். அம்மையார் அவர்களே! அந்தப் படிவத்தை எடுங்கள், அந்த வட்டத்தை அடித்து நீக்குங்கள், என் அக்காவைக் கூப்பிட்டு அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். இதோ, அந்த எல்போ என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. கேட்க வேண்டியவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவளுக்காக நான் கேட்கிறேன். அவள் விளையாட்டை அவளிடம் திருப்பித் தருவது எப்போ? எப்போ? எப்போ?

இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து கேட்டீர்களே, அதற்கு நன்றி. வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்துவிடாதீர்கள். வணக்கம்!