வித்தியாசம் மட்டும் வரும்

காலை பத்து மணி வரை காபி குடிக்காமல் இருக்கச் சொன்னால் திருநெல்வேலியில் ஒரு பெண்ணும் இருக்க மாட்டாள். ஆராய்ச்சியின் முதல் மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். உடம்பின் வெப்பத்தைப் படமெடுக்கும் கேமரா முன்னால் உட்கார வேண்டுமானால் சூடாக எதுவும் குடித்திருக்கக் கூடாது, வெந்நீரில் குளித்திருக்கக் கூடாது, வெயிலில் நடந்து வந்திருக்கக் கூடாது. இதைக் கேட்டதும் எங்கள் கல்லூரிப் பேராசிரியைகள் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். காபி ஒரு சாக்கு. மேல் துணியில்லாமல் ஒரு கருவி முன்னால் உட்கார வேண்டும் என்பதுதான் காரணம். படித்த பெண்கள் என்று பெயர்.

டெல்லியிலிருந்து விசாரணைக்குக் கேள்விகள் எழுதி வந்திருக்கிறீர்கள். வரிசையாகக் கேட்டால் இந்த ஜூன் முழுக்க ஆகிவிடும். நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொண்டால் போதும்.

என் பெயர் பாலசுப்பிரமணியன். இந்தப் பொறியியல் கல்லூரியில் மின்னணுத் துறைத் தலைவர். தொண்ணூற்றாறில் உங்கள் துறை எனக்கு அந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தது. மார்பில் கட்டி இருந்தால் அந்த இடம் மற்ற இடங்களை விடச் சற்றுச் சூடாக இருக்கும்; படத்தில் சிவப்பாகத் தெரியும். கேமராவுக்கு உள்ளே குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். அது இந்த ஜில்லாவில் எங்கே கிடைக்கும் என்று எங்கள் பிரின்சிபாலுக்குத் தெரியவில்லை, இயற்பியல் துறைக்கும் தெரியவில்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் காளையின் விந்துவை உறைய வைக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவன் நான். அறிவியல் வளர்ச்சிக்கு இந்த ஊரில் மாடுகள் செய்த உதவியில் பாதி மனிதர்கள் செய்யவில்லை.

ஆனால் கேமரா என் ஆராய்ச்சி அல்ல. அதை எவனும் வாங்கலாம். மலையில் எடுத்த படத்தைக் கம்பியில்லாமல் கீழே கொண்டுவருவதுதான் என் வேலை. மாஞ்சோலையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே குளிர் சும்மா கிடைக்கிறது; தேயிலை பறிக்கும் பெண்கள் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்; மார்பு டாக்டர் கிடையாது. வேனில் ஒரு மடிக் கணினி, அதில் ரேடியோ மோடம், மணிமுத்தாறு அடிவாரத்தில் ஒரு ஆன்டெனாக் கம்பம், கல்லூரி மொட்டை மாடியில் ஒரு கம்பம். ஒரு முழுப் படம் இறங்கி வர ஒன்பது நிமிடம் ஆகும். நடுவில் மேகம் வந்தாலும் காற்று அடித்தாலும் மறுபடி முதலிலிருந்து.

அதற்கு நான் ஒரு வழி கண்டேன். நல்ல ஆரோக்கியமான ஒரு பெண்ணின் படம் இரண்டு கணினியிலும் இருக்கட்டும். மலையில் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அந்த மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும். எல்லாரிடமும் இருப்பதை எதற்கு அனுப்ப வேண்டும்? வித்தியாசம் இருந்தால் நோய், இல்லாவிட்டால் சுகம். ஒன்பது நிமிடம் நாற்பது நொடியாகக் குறைந்தது. உள்ளூர் டாக்டர்களிடம் இதை விளக்கினேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ஒருவர் கொட்டாவி விட்டார்.

அந்த மாதிரிப் படத்துக்கு ஒரு பெண் வேண்டும். ஊரில் யாரும் வரவில்லை. என் மனைவி ராஜராஜேஸ்வரி வந்தாள்.

முப்பத்தெட்டு வயது, சளி காய்ச்சல் தவிர எதுவும் வந்ததில்லை. அவளிடம் ஒரு நல்ல குணம், அசைய மாட்டாள். வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் விரல்கூட ஆடாது. கேமரா முன்னால் இருபது நிமிடம் அவளுக்குப் பெரிய காரியம் இல்லை. கல்லூரியில் ஏசி இருந்தது கம்ப்யூட்டர் அறையில் மட்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயிலுக்குப் போகிற மாதிரி கழற்றிவிட்டுப் போனாள். என் ஆராய்ச்சி மாணவி மாதுரி கேமராவை இயக்கினாள். நான் அடுத்த அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொம்பளைக்கு எங்கன சூடுன்னு மெஷின் வச்சுப் பாக்குதிய. காபி ஆறிப்போச்சான்னு மட்டும் என்னையத்தான் கேக்குதிய,” என்று வெளியே வந்து சொன்னாள். மாதுரி சிரித்தாள். ஒரு மாணவி துறைத் தலைவர் முன்னால் அப்படிச் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அது ஜூலை இருபத்தாறு, ஆடி வெள்ளி. படத்தில் இடது மார்பின் மேல் ஓரத்தில், அக்குள் பக்கமாக, சுண்டைக்காய் அளவு ஒரு சிவப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருக்க மாட்டாள், அதுவும் ஆடியில். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் குளித்திருந்தாள். ஆகவே குறிப்பேட்டில் ‘எண்ணெய்க் குளியல்’ என்று எழுதினேன்.

“எண்ணெய் தேச்சா ரெண்டு பக்கமும்தானே சார் சூடா இருக்கணும்?” என்றாள் மாதுரி.

முதுகலை முடித்த பெண்ணுக்கு வாய் முதுகலையை விட நீளம். எண்ணெய் எங்கே அதிகம் ஊறும், எங்கே குறைவாக ஊறும் என்று அவளுக்கு ஒரு பதில் சொன்னேன். அதை அவள் நம்பவில்லை. அது அவள் பாடு.

எட்டு மாதம் கழித்து மாஞ்சோலையில் நூற்று எண்பத்தாறு பெண்களைப் படமெடுத்து முடித்தோம். அதில் ஒரு விசித்திரம் கண்டோம். நூற்று எண்பத்து மூன்று பேருக்கு இடது மார்பின் மேல் ஓரத்தில் ஒரு குளிர்ந்த திட்டு. மாதிரிப் படத்தை விட அந்த இடம் குளிர்ச்சி. நான் அதற்குக் காரணம் எழுதினேன்: கொழுந்துக் கூடையின் கயிறு நெஞ்சில் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. என் கட்டுரையில் எல்லாரும் பாராட்டிய பகுதி அதுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் கடிதம் எழுதி வாழ்த்தினார். அவர் வாழ்நாளில் கூடையைப் பார்த்திருக்க மாட்டார்.

மாரிக்கண்ணு என்று ஒருத்தி, பறிக்கிறவர்களில் கெட்டிக்காரி, வாய்க்கும் பஞ்சமில்லை. வேன் டிரைவர் இசக்கியப்பன் அவளிடம் இந்தக் கயிற்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். என்னிடமே வந்து கேட்டாள்.

“கயித்த நெத்தியிலல்லா மாட்டுவோம் சார். நெஞ்சுல மாட்டுனா கொழுந்த எப்படிப் பறிக்க?”

அவளுக்கு இரத்த ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கயிறு நெற்றியில்தான் மாட்டுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். பத்து முறை பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் டெல்லியிலிருந்து உங்கள் ஆட்கள் ஐந்து பேர் செய்முறை பார்க்க வந்தார்கள். கல்லூரியில் திரை முன்னால் உட்கார வைத்து அல்வா கொடுத்தோம். மலையில் மாரிக்கண்ணு உட்கார்ந்தாள். அவள் படம் பதினோரு நொடியில் வந்து முடிந்துவிட்டது. திரை முழுக்க வெறுமை. மாதிரிப் படத்துக்கும் அவளுக்கும் வித்தியாசமே இல்லை. ஐந்து பேரும் கை தட்டினார்கள். ஒருவர் கையில் அல்வா ஒட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை. முழு ஆரோக்கியம் என்று நான் ரேடியோவில் சொன்னேன். அங்கே மாரிக்கண்ணு கும்பிட்டாளாம். “ஒண்ணுமே வரலேங்கதப் பாக்கத்தானா சார் இம்புட்டு தூரம் மலையேறுனோம்?” என்று இசக்கியப்பன் கேட்டதாக மாதுரி பிறகு சொன்னாள். டிரைவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

பதினோரு நொடி எங்கள் சாதனை. இன்றுவரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

உங்கள் கையில் இருக்கும் கடிதம் மாதுரி எழுதியது. அதில் கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். வித்தியாசத்தோடு மாதிரியைக் கூட்டினால் அசல் படம் வந்துவிடும், பள்ளிக்கூடக் கணக்கு. அப்படிக் கூட்டினால் அந்த நூற்று எண்பத்து மூன்று பேருக்கும் எந்தக் குளிர்ச்சியும் இல்லை. மாதிரிதான் சூடு. குளிர்ச்சி இல்லாத மூன்று பேருக்கு மட்டும் மாதிரியில் இருந்த அதே இடத்தில் அதே சூடு. அந்த நோய் பெரும்பாலும் வரும் இடமே அதுவாம். மூவரில் ஒருத்தி பால் கொடுக்கிறவள், அவளுக்கு ஒன்றுமில்லை. ஒருத்தி எஸ்டேட்டை விட்டே போய்விட்டாள். மூன்றாவது மாரிக்கண்ணு.

எனக்கு எப்போது தெரியும் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருந்திருக்கும். ஆடி வெள்ளிக்கு மூன்றாம் நாள், திங்கட்கிழமை, ஜூலை இருபத்தொன்பது. மாதுரியை விடுமுறையில் அனுப்பிவிட்டு, என் மனைவி ராஜியைத் தனியாக உட்கார வைத்து மறுபடி எடுத்தேன். எண்ணெய் இல்லை, வெந்நீர் இல்லை, காபி இல்லை. சிவப்பு அங்கேயே இருந்தது. காலை பதினொன்றரை மணி இருக்கும். அந்தப் படத்தை அழித்தேன். வெள்ளிக்கிழமைப் படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அதற்கு எண்ணெய்க் குளியல் என்ற காரணம் எழுதியிருந்தது.

கட்டுரைச் சுருக்கத்தை ஆகஸ்ட் பதினைந்துக்குள் அனுப்ப வேண்டும். வேறு பெண் கிடையாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைப்பேனா? வேலை முடியட்டும், ஆறு மாதம், பிறகு அவளை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று இருந்தேன். ஆறு மாதத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். அதில் தவறு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் அவளே சொன்னாள். “ஏங்க, இடது பக்கம் கெட்டியா என்னமோ தட்டுப்படுது. டாக்டரம்மாட்ட ஒரு நட போயிட்டு வரட்டா?”

உன்னைப் பார்த்திருக்கிற கருவி அந்த டாக்டரம்மா படித்த காலத்தில் பிறக்கவே இல்லை என்றேன். வெளியில் தெரிந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். ஆரோக்கியத்துக்கு அளவுகோலாக வைத்த பெண்ணுக்கு நோய். இந்த ஊரில் கொட்டாவி விட்டவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொங்கலுக்கு மறுபடி கேட்டாள். டெல்லிக்காரர்கள் வந்து போகட்டும் என்றேன்.

மூன்றாவது முறை சித்திரையில் கேட்டாள். இந்தத் தடவை அவள் கேட்ட விதம் வேறு, கையில் பையை எடுத்திருந்தாள். சரி, வா என்று கல்லூரிக்கு அழைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை. செருப்பைக் கழற்றினாள், உட்கார்ந்தாள், இருபது நிமிடம் அசையவில்லை. நான் அவள் படத்தை அவளுடைய பழைய படத்தோடு ஒப்பிட்டேன்.

முழு வெறுமை வரவில்லை. சிவப்பு இருந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று வந்தது. ஒன்பது மாதத்தில் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அந்த வளையத்தின் அகலம். கருவி எவ்வளவு நுட்பமானது பாருங்கள். எவ்வளவு சூட்டுக்கு மேல் காட்டலாம் என்று ஒரு எண் உண்டு. அதை இரண்டு படி ஏற்றினேன். வளையம் மறைந்தது. பிறகு அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பார், ஒன்றுமில்லை என்றேன்.

அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதியை எந்த டாக்டரும் கொடுத்திருக்க முடியாது. பையோடு நேரே காந்திமதி அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டு வந்தாள்.

செப்டம்பரில் மாதுரிதான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள், எனக்குத் தெரியாமல். அதற்குள் அக்குளில் இறங்கி நுரையீரலுக்குப் போயிருந்தது. மாரிக்கண்ணுவும் இந்தச் சித்திரையில் கட்டியோடு மலையிறங்கி வந்தாள். கல்லூரி வாசலில் என்னைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. “நீங்க நல்லாருக்குன்னு ரேடியோவுல சொன்னியள்லா சார், அதான் எங்கனயும் போவல,” என்றாள். படத்தில் எனக்கு எதுவும் வரவில்லை என்றேன். அது உண்மை.

ராஜி மாசி மாதம் போனாள். சாவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆஸ்பத்திரியில் அவளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்னது போல வரிசையாக, அந்த இரண்டு படி உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தாள், அசையவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்.

“நான் எங்க அந்தப் பொட்டியப் பாத்தேன். உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். அது தெளிவா இருந்துச்சு. அதான் ஒண்ணுமில்லன்னு நம்புனேன்.”

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. களைப்பு.

இதை நான் உங்களிடம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாதுரி தன் கடிதத்தில் என் முறையே தவறு, அதைக் கைவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். அது அநியாயம். ராஜி படத்தைப் பார்த்து ஏமாறவில்லை. அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். ஆகவே அவள் சாவுக்கும் என் ஆராய்ச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் பார்த்தது என் முகத்தை மட்டும்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.