நடந்து போகும் சலவை இயந்திரம்

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வரிகள் நேராக நிற்கவில்லை. சில எழுத்துகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கின்றன. ஓரிடத்தில் பேனா குத்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. போன குளிர்காலத்தில்தான் நான் எழுதப் படிக்கக் கற்றேன். எழுத்தர் எழுதிக்கொள்வார், நீங்கள் சொன்னால் போதும் என்று அதிகாரி சொன்னார். நானே எழுதுகிறேன் என்றேன். "பெரியவரே, பொழுது சாஞ்சுடும்" என்றார். "சாயட்டும் ஐயா, அதுக்கு வேற என்ன வேலை?" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தம் பேனாவையே கொடுத்தார். நல்ல பேனா. தள்ள வேண்டியதில்லை, தானாக வழுக்கிக்கொண்டு போகிறது.

என் பெயர் மஹ்ரூஸ். தகப்பனார் பெயர் அல்-பத்ரி. வயது எழுபத்தொன்று. போர்ட் சையது நகரம், அரபுப் பேட்டை, மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள வீட்டில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். மூன்றாம் மாடியில் என் மகன் ஹைதமும் மருமகள் நெஸ்மாவும் இருக்கிறார்கள். நான் கால்வாயைக் கடக்கும் படகில் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள். மருமகளுக்கு இது நிறைமாதம்.

என் மகன் தன் மனைவியின் சீரில் வந்த சலவை இயந்திரத்தை விற்றுவிட்டான் என்று என் சம்பந்தி மித்வல்லி நேற்று இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். சீர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் என் மகன். அதில் உள்ள ஒரு கரண்டி காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான், பதில் இல்லையென்றால் சிறை. அதற்காகத்தான் அவனைத் தூர்வாரும் கப்பலிலிருந்து இறக்கிக் கூட்டி வந்து இங்கே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். கையெழுத்து அவனுடையது. விற்றவன் நான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அந்த இயந்திரம் நடக்கும். துணியைப் பிழிவதற்காகச் சுழலத் தொடங்கியதும் நான்கு காலையும் மாற்றி மாற்றி வைத்துக் குளியலறையிலிருந்து கிளம்பி நடை வழியாகக் கூடத்துக்கு வரப் பார்க்கும். தண்ணீர்க் குழாயையும் கூடவே இழுத்து வரும். ஆகவே பழைய படகுக் கயிறு ஒன்றை அதன் காலில் கட்டி, மறுமுனையைச் சுவரில் இருந்த குழாயில் கட்டியிருந்தேன். படகைத் துறையில் கட்டும் அதே முடிச்சு. அப்படியும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு முனகும். மருமகள் வயிற்றோடு ஓடிப்போய் அதன் மேல் உட்காருவாள். அவளும் இயந்திரமும் சேர்ந்து ஆடுவார்கள். மேலே நடப்பது எனக்குக் கீழே நன்றாகக் கேட்கும். குழந்தை பிறந்தால் நாளெல்லாம் துணி துவைக்க வேண்டியிருக்குமே என்று நினைத்தேன். நகராமல் நிற்கிற, நம்பி விட்டுவிட்டுப் போகக்கூடிய ஓர் இயந்திரத்தைக் குழந்தை வருவதற்குள் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அதன் பிறகு, நெஸ்மா சில நாள் இருந்து வரலாம் என்று தம்யாத்தில் இருக்கும் தகப்பனார் வீட்டுக்குப் போனாள். மறுநாள் பழைய சாமான் வாங்கும் ஷெஹாத்தா தன் மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக் கூவிக்கொண்டு தெருவில் வந்தார். தெருவில் சாமான் வாங்க மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவது எங்கள் வழக்கம், நான் கூடையை இறக்குவதற்குப் பதில் கையை ஆட்டினேன். அவர் ஏறி வந்து பார்த்தார். முடிச்சை அவிழ்க்க முயன்றார், முடியவில்லை. என்னாலும் முடியவில்லை, ஈரத்தில் இறுகியிருந்தது. கயிற்றின் நடுவில் அறுத்துவிட்டு, காலில் இருந்த முடிச்சோடு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அப்போது எனக்குச் சீர்ப் பட்டியல் நினைவுக்கு வரவில்லை. வீட்டில் இருந்த ஒரு பொருள் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை.

அதன் பிறகு, நேற்று, நான் படகில் ஏறி, கால்வாய்க்கு அக்கரையில் உள்ள கடைக்குப் போனேன். துவைத்துப் பார்ப்பதற்காக என் நீல அங்கியைப் பையில் வைத்திருந்தேன். படகில் பறவைகள் கூடவே வந்தன. நான் கட்டிய கயிறுகளை இப்போது வேறு ஒருவர் கட்டுகிறார், நன்றாகத்தான் கட்டுகிறார். கடைக்குள் நுழைந்ததும் எனக்கு மயக்கம் போல இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக இயந்திரங்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் வட்டக் கண்ணாடி. கப்பலின் பக்கவாட்டில் இருக்கும் ஜன்னல்களைப் போல. உள்ளே யாரோ பயணம் போகிறார்கள் என்று தோன்றியது.

விற்பனையாளர் பெயர் கரம். நல்ல பையன், நாக்குதான் நீளம். பையைத் திறந்து அங்கியை எடுத்ததும், "ஹாஜி, இது குளியல் கூடம் இல்ல, கடை" என்றார். "சட்டை வாங்கினா போட்டுப் பாக்குறோம்ல? அதுமாதிரிதான்" என்றேன். "சரி, உள்ள இருக்கறதயும் கழட்டிடாதீங்க" என்றார். ஒவ்வொன்றாகக் காட்டினார். எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டேன். "இறைவன் நாடினா நம்ம ரெண்டு பேருக்கும் மேல உழைக்கும்." "எனக்கு மேலன்னா அது ஒண்ணும் பெரிசில்லயே தம்பி" என்றேன். முதல் இயந்திரத்தில் பொத்தான்கள் மிக அதிகம். அவற்றின் மேலிருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். படிக்க முடிந்தது, அதில் மகிழ்ச்சி, ஆனால் நிறையப் பேசுகிற இயந்திரம் எனக்கு வேண்டாம் என்றேன். இரண்டாவது, சுழலும்போது பூனையைப் போலக் கத்தியது.

மூன்றாவதற்குத் தண்ணீர்க் குழாய் மாட்டியிருந்தார்கள். என் அங்கியைப் போட்டு ஓடவிட்டார்கள். கரம் எனக்குக் கொடுத்த புதினாத் தேநீரை, குடிக்காமல் அதன் தலைமேல் வைத்தேன். படகிலும் அப்படித்தான் செய்வோம், இயந்திரப் பெட்டியின் மேல் தேநீரை வைத்தால் படகு நலமாக இருக்கிறதா என்று தெரியும். பிழியும் நேரம் வந்தது. தேநீரில் சின்னச் சின்ன வளையங்கள் பிறந்து ஓரத்தில் போய் மறைந்தன. ஒரு சொட்டும் சிந்தவில்லை. இயந்திரம் தரையில் வேர்விட்டது போல நின்றது. கண்ணாடிக்குள் என் அங்கி நீலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால்வாய் மடங்கி அதற்குள் போய்விட்டது என்று தோன்றியது. என் மனைவி அக்கரையில் நின்று எதையோ அலசிக்கொண்டிருந்தாள். குழந்தை எங்கே என்று கேட்டேன், இதோ காயப்போட்டிருக்கிறேன் என்றாள். எனக்கு அது சரியென்றே பட்டது. பிறகு கரம் என் தோளைத் தொட்டு, "ஹாஜி, கடைய மூடணும், அங்கி காஞ்சே போச்சு" என்றார். இதையே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதே வகையில் புதியது ஒன்று அடுத்த வாரம் இறங்குகிறது, வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டித் தருகிறோம் என்றார்.

நான் கடையில் தூங்கிப்போன அந்தப் பிற்பகலில்தான் மருமகள் முன்கூட்டியே திரும்பி வந்திருக்கிறாள், தகப்பனாரும் உடன் வந்திருக்கிறார். குளியலறையில் இயந்திரம் இருந்த இடத்தில் சுத்தமான சதுரத் தரையும், குழாயில் தொங்கும் பாதிக் கயிறும் மட்டும் இருந்தன. கைப்பேசியை நான் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தேன், அது தலையணை மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஷெஹாத்தா வண்டியில் ஏற்றியதைப் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். "பொண்டாட்டிய அனுப்பிட்டு வீட்டை வித்துத் திங்கிறானா?" என்று சம்பந்தி படியில் நின்று கத்தினாராம். பிறகு நேரே இங்கே வந்துவிட்டார். நான் காய்ந்த அங்கியோடு படகிலிருந்து இறங்கியபோது என் மகனைத் தேடி ஆள் போயாகிவிட்டது.

வீட்டில் மருமகள் அழவில்லை. "மாமா, அது எங்கம்மா வாங்கினது" என்று மட்டும் சொன்னாள். அவள் தாயார் போன வருடம் காலமானவர். பட்டியல் எழுதும்போது கட்டிலுக்கும் முன்னால், முதல் வரியிலேயே அந்த இயந்திரத்தைச் சொல்லி எழுத வைத்தவர் அவர். புதியது வருகிறது, தேநீர் கூடச் சிந்தாது என்று சொன்னேன். அவள் பாதிக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு, இன்று காலை அதிகாரி எங்களை ஒரு காவலரோடு அனுப்பினார். பொருள் கிடைத்துவிட்டாலோ, அதற்கு ஈடாக வேறு பொருளை மருமகள் ஏற்றுக்கொண்டாலோ என் மகன் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் வழக்கு நீதிமன்றம் போகும் என்றார். நானும் சம்பந்தியும் மருமகளும் ஏரிப் பக்கம் இருக்கும் ஷெஹாத்தாவின் வீட்டுக்குப் போனோம். அங்கே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு சிறிய லாரி நின்றது. அதன் மேல் மெத்தைகள், பாத்திரங்கள், கம்பளம், எல்லாவற்றுக்கும் மேலே, வானத்தில் இருப்பது போல, அந்த இயந்திரம். சிவப்பு நாடா கட்டி, கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார்கள். கண்ணாடியில் புறாக்கள் பறந்தன. ஷெஹாத்தாவின் மகள் சபரீனின் சீர் வண்டி அது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் நேரம்.

"எறக்குடா அதை" என்றார் சம்பந்தி. மேளம் நின்றது.

"நான் திருடல ஹாஜி. இவரு கை ஆட்டினாரு, நான் ஏறி வந்தேன். சரி பண்ணி என் பொண்ணுக்கு வச்சேன்" என்றார் ஷெஹாத்தா. அதன் பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நேத்தே பட்டியல்ல எழுதியாச்சு. மாப்ள கையெழுத்துப் போட்டுட்டாரு."

ஆக, ஒரே இயந்திரம் இரண்டு மணமகள்களின் பட்டியலில் இருந்தது. இரண்டு கணவன்மார் அதற்குப் பொறுப்பு. காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இது அதே இயந்திரம்தானா என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். காலில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அதை யாராலும் அவிழ்க்க முடியாததால் அதன் மேலேயே நாடாவைப் பூப்போலக் கட்டியிருந்தார்கள். மருமகள் தன் கைப்பையிலிருந்து பாதிக் கயிற்றை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள்.

சபரீன் வாசலில் நின்றாள். மருதாணி இன்னும் காயாத கைகளை எங்கும் படாமல் தூக்கி வைத்திருந்தாள். தெருவே மாடிகளில் நின்று பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் நேற்றே வந்து சீரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது இறக்கினால் அந்தப் பெண் ஒரு பொருள் குறைவாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

மருமகள் நெடுநேரம் மேலே பார்த்தாள். பிறகு சபரீனிடம், "ஓட்டிப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன் அக்கா. நல்லாத் துவைக்குது. ஆனா..." என்று நிறுத்தி அந்தப் பெண் தன் தகப்பனாரைப் பார்த்தாள். "நடக்குது."

மருமகள் அப்போதுதான் சிரித்தாள். "நடக்கும். எங்க வீட்லயும் நடந்துச்சு. பிழியறப்போ மேல ஏறி உக்காந்துக்கோ, கோவிச்சுக்காது." பாதிக் கயிற்றை அந்தப் பெண்ணின் தோளில் போட்டாள். "இத வச்சுக் குழாயோட சேத்துக் கட்டு. முடிச்சு எங்க மாமாவ வந்து போடச் சொல்றேன்."

சம்பந்தி வாயைத் திறந்தார். "அப்பா, பொண்ணோட சீர் வண்டியிலேருந்து சாமான எறக்கினீங்கன்னு தெரிஞ்சா, அம்மா உங்களுக்கு மறுமையில கூட மீன் பொரிச்சுத் தர மாட்டாங்க" என்றாள் மருமகள். அவர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். மேளம் மறுபடி தொடங்கியது. லாரி நகர்ந்தபோது இயந்திரம் மேலே மெல்ல ஆடிக்கொண்டே போனது. கட்டிடங்களுக்கு நடுவே அது தூரம் போய்ச் சிறிய வெள்ளைப் படகாகும்வரை மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் என்னிடம், "புதுச நான் பாக்காம ஏத்துக்க மாட்டேன் மாமா. பிடிக்கலன்னா பிடிக்கலன்னுதான் சொல்லுவேன்" என்றாள். என் மகன் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் அவள் சொன்னது நியாயம். எல்லாரும் படகில் அக்கரை போனோம். கரம் என்னைப் பார்த்ததும், "இன்னிக்குக் குடும்பத்தோட குளிக்க வந்துட்டாரு" என்றார். மருமகளுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் தன் தலைமுக்காடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து உள்ளே போட்டாள். மஞ்சள் நிறம். நான் தேநீர் கேட்டேன், அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, முதுகை இயந்திரத்தில் சாய்த்துக்கொண்டு வயிற்றின் மேல் கை வைத்தாள். இயந்திரம் பிழியத் தொடங்கியது. நான் அதன் கால்களையே பார்த்தேன். அசையவில்லை. மஞ்சள் நிறம் சுற்றிச் சுற்றி விளக்கைப் போல ஆனது. சம்பந்தி ஏதோ கேட்க வந்து, மகளைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தார். அவள் தூங்கியிருந்தாள். கரம் கடையில் இருந்த மற்றவர்களை மெதுவாகப் பேசச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, யாரும் பார்க்கவில்லை. விழித்ததும் அவள், "எழுதிக்கோங்க மாமா, முதல் வரியில" என்றாள்.

இங்கே வந்து, அதிகாரியின் முன்னிலையில், பட்டியலின் முதல் வரியை அவள் அடித்தாள். அதன் மேல் "நகராமல் நிற்கும் சலவை இயந்திரம் ஒன்று" என்று நான் எழுதினேன். நகராமல் நிற்கும் என்பது பட்டியலில் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். இருக்கட்டும் என்று அதிகாரி சொன்னார். என் மகன் அதன் கீழே கையெழுத்திட்டான். மருமகள் அவனிடம், "இனிமே உங்கப்பாகிட்ட சாவி குடுக்காத" என்றாள். அவன் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. நான் எழுதி முடிப்பதற்காக இருவரும் வெளியே காத்திருக்கிறார்கள்.

இதில் நான் எழுதியவை எல்லாம் நடந்தவை. கடையில் கண்டது மட்டும் கனவு, அதையும் கண்டபடியே எழுதியிருக்கிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை, சீக்கிரம் முடிக்கும்படிதான் வற்புறுத்தினார்கள். என் பெயர் பொறித்த பித்தளை முத்திரை சட்டைப் பையில் இருக்கிறது, வாழ்நாள் முழுக்க அதைத்தான் குத்தினேன். இன்று அதை வெளியே எடுக்கவில்லை.

பொருள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று ஒரு தாள் இருந்தால்தான் கோப்பை மூட முடியும் என்கிறார்கள். அடுத்த வாரம் இயந்திரம் வந்ததும் அதையும் நானே வந்து எழுதித் தருகிறேன். அதற்குள் குழந்தையும் வந்துவிட்டால், அது தனித் தாளில்.

(கையெழுத்து) மஹ்ரூஸ் அல்-பத்ரி