இருட்டறையில் செய்த பாட்டு

லின்ஃபீல்டிலிருந்து நகரத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் கறுப்புக் கோட் போட்ட தம்பியும்.

“அந்தப் பேய்ப்பாட்டுக்காரரைப் பார்த்தோ ஈஸ்ட் டாமாக்கி ஃபாக்டரி வேலையை விட்டனி?”

“அது ஜெர்மன் பாண்ட், அக்கா. பத்து வருசத்துக்கு மேல பாடுறாங்கள். இருட்டறைக்குள்ள இருந்து மெஷினிலதான் மெட்டுப் போடுவாங்களாம்.”

“மெஷினுக்குக் கரண்ட் இருக்கு, லைட்டுக்கு இல்லையோ?”

“நானும் அப்பிடி ஒரு பாட்டுச் செய்தனான்.” வாக்மேன் ஹெட்போனை அவள் காதில் மாட்டினான்.

“நல்லா இரையுது. வாஷிங் மெஷினோ?” என்றவள், ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“ஆரடா இதில அழுகிறது?”

“நான்தான். பாடேக்க வந்திட்டுது.”

“அம்மாவின்ர செத்தவீட்டிலயும் நீ அழேல்லையேடா.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசி ஸ்டாப்பில் அக்காவைத் தவிர எல்லோரும் எழுந்தோம். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“அவரைப் பொறுக்கச் சொல்லு,” என்றாள் அக்கா தம்பியிடம், ஹெட்போனைக் கழற்றாமல். “பாட்டு இன்னும் முடியேல்ல.”