மறதியும் மூன்றாவது கையும்

தலைமை நாற்காலியைத் தம் தகுதியால் நிறைத்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே! முன்வரிசைக்கு முண்டியடித்து வென்ற மூத்தவர்களே! பிள்ளைகளையும் பெற்று, எங்களையும் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே! எண்ணெய்க்கறை போகாத இந்தக் கைகளைக் கூப்பி வணங்குகிறேன்!

என் தங்கை மகள் இன்று டாக்டர் பட்டம் பெற்றுவிட்டாள். அவள் கண்டதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவன் நான்! எங்கே? பேருந்துப் பணிமனையில், வண்டிக்கு அடியில், மல்லாந்து படுத்தபடி! வழியில் நின்ற வண்டியெல்லாம் ஒரே நோயாலா நின்றன? ஓடி ஓடித் தேய்ந்து நின்றது ஒன்று. புத்தம் புதிதாகவே, பிறவிக் கோளாறால் நின்றது இன்னொன்று. டீசல் இரண்டிலும் உண்டு. எரிகிற விதம்தான் வேறு!

அல்சைமர் என்னும் மறதி நோய், என் தங்கைக்கு ஐம்பத்தொன்றில் வந்தது. பக்கத்து வீட்டுத் தபால்காரருக்கு எண்பதில் வந்தது. “மறதின்னா மறதிதானே!” என்றார்கள். விட்டாளா மருமகள்? இருவர் கையிலும், இன்னும் பலர் கையிலும், மிளகளவு தோல் எடுத்தாள். செல்லை வளர்த்தாள். அதற்குள் சர்க்கரை எப்படிச் சக்தியாகிறது என்று பார்த்தாள். ஆனால் ஒப்பிட, நோயில்லாத கை ஒன்று குறைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் ஐந்தாண்டு உழைப்பும் அந்தரத்தில்!

அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே போனேன். “மாமா, உங்க கை...” என்று ஏதோ சொல்ல வந்தாள்.

“இரும்புக் கைம்மா! எடுத்துக்க!”

மரப்பு ஊசியே வேண்டாமென்றேன். சிங்கம்போல் அமர்ந்தேன்!

யாரப்பா அங்கே, தழும்பைக் காட்டச் சொல்வது? பொறு தம்பி, பேச்சு முடியட்டும்!

அந்தக் கை வந்தது, உண்மை வெளிவந்தது! இரண்டு மறதியிலும் செல் தடுமாறுகிறது. ஆனால் ஒரே இடத்திலா? இல்லை! இரண்டுக்கும் ஒரே ஸ்பேனர் பொருந்துமா? பொருந்தாது! மருந்து நாளைக்கே வராது, தெரியும். எங்கே தேடுவது என்று தெரிந்ததே, அது போதாதா?

இதோ என் தங்கை. எதற்குக் கைதட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முதலில் தட்டுவது அவள்தான். பாருங்கள், இப்போதும்!

என்ன தம்பி, விடமாட்டாயா? சரி, இதோ கை. தழும்பு... இல்லை. வேண்டாமென்ற அந்த ஊசியைத் தட்டில் கண்டதுமே மயங்கி விழுந்தேன். “நகருங்க, வெட்கக்கேடு!” என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், கூட வந்திருந்த என் மனைவி.

கண் விழித்தபோது மருமகள் சிரித்தாள்: “அதைத்தான் மாமா சொல்ல வந்தேன். உங்க கை உதவாது. நீங்க அம்மா ரத்தம், அதே கோளாறு உங்ககிட்டயும் ஒளிஞ்சிருக்கலாம். அத்தை கைதான் வேணும்!”

ஆக, நான் விழுந்தேன், ஆய்வு எழுந்தது! மூன்றாவது வரிசையில் முழங்கையை மறைத்துக்கொண்டு சிரிப்பவளுக்கு என் நன்றி. உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அவள் மேடையேறுவதற்குள் நான் இறங்கிவிடுகிறேன்!